அரக்குத் தட்டும் கேசட்டும் பாட உதவியவர்களுக்கு

வணக்கம்.

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் வட்டாரத்து இசைத்தட்டு, கேசட் பிரியர்களைப் பற்றிய எங்கள் 18 நிமிட ஆவணப்படம் முடிந்தது. பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால், அவரவர் செய்த உதவியைச் சொல்லியே நன்றி சொல்கிறோம். இப்படியொரு படம் எடுக்கப் போகிறவர்களுக்கும் பயன்படும்.

முதலில் கும்பகோணம் மைக்செட் அண்ணனுக்கு. 78 சுற்றுத் தட்டை (நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய இசைத்தட்டு) ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கவே கூடாது என்று தடுத்தவர் அவர். தட்டில் இருப்பது அரக்கு. தச்சர்கள் மெருகு போட அரக்கை ஸ்பிரிட்டில்தானே கரைக்கிறார்கள்? தட்டும் அப்படித்தான் கரையும். ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் (ஆசிட் கலக்காததா என்று பார்த்து வாங்குங்கள்) இரண்டு மூன்று சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான பிரஷ், பள்ளம் ஓடும் திசையிலேயே தேய்ப்பு. நடுவில் ஒட்டிய காகிதம் நனையக் கூடாது. ஊறவைக்கவும் கூடாது, விரிசல் வழியே நீர் இறங்கினால் தட்டு உள்ளே ஊதிவிடும். துடைத்து, நிழலில் நிற்க வைத்துக் காயவிட வேண்டும்.

திருவாரூரிலிருந்து 78க்கான ஊசியும் கார்ட்ரிஜும் (ஊசியைப் பிடித்திருக்கும் பாகம்) கொடுத்தனுப்பியவருக்கு அடுத்த நன்றி. பிற்கால எல்பி (லாங் பிளே) தட்டுக்கான ஊசியின் நுனி ஆரம் 18 முதல் 25 மைக்ரான். 78 தட்டின் பள்ளத்துக்கு 65 முதல் 75 வேண்டும். மெல்லிய ஊசி பள்ளத்தின் அடியில் போய் உட்கார்ந்து அழுக்கைத்தான் பாடும். சாவி கொடுக்கும் கிராமபோனில் இரும்பு ஊசியை ஒரு பக்கத்துக்கு ஒன்று வீதம் மாற்றினோம். தேய்ந்த ஊசி அடுத்த தட்டை உழுதுவிடும். ஊசி விலையை நினைத்துக் கஞ்சத்தனம் பார்த்தால் போவது தட்டுதான்.

வேகம்தான் எங்களை அதிகம் படுத்தியது. 78க்குப் பதில் 83 சுற்று ஓடினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். 77 கோடுகள் போட்ட வட்டத்தைத் தட்டின் மேல் வைத்து, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் துடித்துத் துடித்து எரியும் நியான் விளக்கில் பார்த்தால், வேகம் சரியாக இருக்கும்போது கோடுகள் அசையாமல் நிற்கும். எல்இடி பல்புகள் பலவற்றில் இந்தத் துடிப்பு தெரியாது. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் எரியும் விளக்கையும் நம்பக் கூடாது. அப்புறம் இன்னொரு சங்கடம்: 78 என்று எழுதியிருக்கும் பழைய தட்டுகள் எல்லாமே சரியாக 78இல் பதிவானவை இல்லை. கோடு நின்ற பிறகும் காதில் கேட்டு, நீளமான, தாழ்ந்த சுருதிப் பாரி நாயனமா, குட்டையான, உயர்ந்த சுருதித் திமிரியா என்று பிரித்து, சுருதி சொன்ன திருவையாற்று நாயனக்கார ஐயாவுக்கு எங்கள் வணக்கம். மணிக்கணக்காகத் தோடி ராகம் வாசித்த நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்கும் (1898–1956) 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் கொடுத்தது ஏறக்குறைய 3 நிமிடம்தான். அந்த மூன்று நிமிடத்தைத் தப்பான கட்டையில் கேட்பது பாவம்.

கேசட் விஷயத்தில் மயிலாடுதுறையில் பாட்டுப் பதிந்து கொடுத்துவந்த கடைக்காரர் கைகொடுத்தார். பூஞ்சை பிடித்த கேசட்டை நல்ல டெக்கில் போட்டால் அடுத்த கேசட்டுக்கும் பரவும். அதற்கென்று ஒரு பழைய டெக்கை ஒதுக்கித் தந்தார். நாடாவை டெக்கின் ஹெட்டோடு (நாடாவிலிருந்து ஒலியை எடுக்கும் பாகம்) அழுத்தும் சிறு பஞ்சுத் திண்டு பசை காய்ந்து விழுந்திருந்தால் ஒலி மங்கி மங்கி வரும். திருகு போட்ட வேறொரு கூட்டுக்கு நாடாவை மாற்றினால் சரியாகிவிடும். ஹெட்டின் பக்கத்துத் திருகை இம்மி இம்மியாகத் திருப்பி, ஜால்ரா ஓசை தெளியும் இடத்தில் நிறுத்த வேண்டும்.

ஐப்பசிப் புழுக்கத்திலும் விசிறியை நிறுத்தச் சம்மதித்த வீட்டாருக்கும், பம்புசெட்டை அரைமணி அணைத்து வைத்த பக்கத்து வயல்காரருக்கும் எப்படி நன்றி சொல்வது! கிராமபோன் குழாயிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, சற்றே பக்கவாட்டில் மைக் வைத்தோம். பிளேயரில் பாடியவற்றை வயர் வழியாகத் தனியே எடுத்தோம். கேமரா 25 பிரேம், ஷட்டர் 50இல் ஒன்று. வீட்டு விளக்கு படத்தில் துடிக்காமல் இருக்க இதுவே வழி.

ஒலிப்பதிவின் காப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் என்பதையும், பாடலை எழுதியவர், இசையமைத்தவர் உரிமை தனிக் கணக்கு என்பதையும் புரியவைத்த வழக்கறிஞருக்கும் நன்றி. அதனால்தான் படத்தில் பழைய தட்டுகளும் சங்கீத மும்மூர்த்திகளின் (தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி) கீர்த்தனைகளும் மட்டுமே இருக்கின்றன.

தட்டுகளைப் படுக்க வைக்காமல் நிறுத்தியே அடுக்கித் திருப்பித் தந்திருக்கிறோம். பெட்டியில் இருக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை அடைமழைக்கு முன் மாற்றிவிடுங்கள். திருவாரூர் அண்ணே, உங்கள் கார்ட்ரிஜ் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. ஊசி வளையாமல் டப்பாவில் பத்திரமாக வைத்திருக்கிறோம். கூரியரில் அனுப்ப மனசு வரவில்லை, நேரில் கொண்டுவந்து தருகிறோம்.

நன்றியுடன்,
படக்குழுவினர்