கால்வாய் ஓரமா நாலு மைல்

கண்ணு,

போன தடவ நீ வந்திருந்தப்ப கால்வாய் ஓரமா நடக்கப் போலாம்மான்னு ரெண்டு நாள் கூப்பிட்ட, முட்டி வலிக்கும்டி நீ போயிட்டு வான்னுட்டேன், அதுக்கப்புறம் நீயும் கேக்கவே இல்ல. நேத்து நான் போயிட்டு வந்துட்டேன். அதான் உடனே எழுதறேன்.

பக்கத்து வீட்டு அக்காவோட வாக்கிங் குரூப்புல சேர்ந்து போனேன், பதினாலு பேர். செசபீக் அண்ட் ஓஹையோ கால்வாய்னு அதுக்குப் பேரு, கரைல கிரேட் ஃபால்ஸ் டாவர்ன்னு ஒரு பழைய விடுதி இருக்கு, அங்க ஆரம்பிச்சு வாஷிங்டன் பக்கமா ரெண்டு மைல் போய் அதே வழில திரும்பி வந்தோம். எனக்கு இருந்த பயமெல்லாம் நம்மளால மத்தவங்க நிக்கணுமேங்கறதுதான். ஆனா ஸ்வீப்னு ஒருத்தர் இருக்கார், யார் கடைசியோ அவங்களுக்கும் பின்னாலதான் அவர் வருவாராம், அதனால யாரும் தனியா விட்டுப்போக மாட்டாங்க. பாதி தூரம் அவர் கூடத்தான் பேசிக்கிட்டே நடந்தேன்.

பாதை எவ்ளோ சுலபமா இருக்குன்னு பாத்தப்பதான் ஏன்னு புரிஞ்சுது. அது மனுஷங்க உலாத்தப் போட்ட பாதை இல்ல, கோவேறு கழுதைங்க கயித்தக் கட்டி படகை இழுத்துட்டுப் போறதுக்குப் போட்டது, கால்வாய்த் தண்ணியோட மட்டத்துலயே போகும், லாக்னு படகை ஏத்தி இறக்கற தொட்டி வர்ற இடத்துல மட்டும் கொஞ்சம் சரியும். நாங்க போன தூரத்துலயே ஆறு லாக், இருபதாம் நம்பர்ல ஆரம்பிச்சு பதினஞ்சாம் நம்பர் வரைக்கும். பக்கத்துலயே பொட்டோமாக் ஆறு பாறைல முட்டி மோதிக்கிட்டு விழுது, படகு அதுல போக முடியாது, அதனால கல்லால கட்டின தொட்டிக்குள்ள படகை விட்டு கதவை மூடி தண்ணிய ஏத்தி ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய எட்டடி தூக்கியிருக்காங்க.

ஒரு லாக்ல ஓரக்கல்லத் தொட்டுப் பாத்தேன்டி. விரல் உள்ள போற அளவுக்கு வரிவரியா பள்ளம், உள்பக்கம் வழுவழுன்னு இருக்கு, நம்ம ஊர்க் கிணத்து மேட்டுக் கல்லுல தாம்புக்கயிறு அறுத்த தடம் மாதிரியே. கயிறுதான் அறுத்திருக்கு. அந்தக் கழுதைங்கள ஓட்டிக்கிட்டு நடந்ததுல நெறைய பேர் சின்னப் புள்ளைங்களாம், பல குடும்பம் படகுலயே குடியிருக்குமாம். எனக்கு அங்கேர்ந்து நகரவே மனசு வரல.

இந்தக் கால்வாய 1828 ஜூலை 4 அன்னிக்கு வெட்ட ஆரம்பிச்சு, அதோட மறுமுனைல இருக்கற கம்பர்லாண்ட் ஊருக்குப் போய்ச் சேர 1850 ஆயிடுச்சாம். அதுக்குள்ள ரயில் அங்க முந்திப் போயிடுச்சு. 1924 வெள்ளத்தோட படகும் நின்னு போச்சு. அப்புறம் இங்க கார் ரோடு போடலாம்னு பேச்சு வந்து, வாஷிங்டன் போஸ்ட்டும் அது நல்லதுன்னு எழுத, சுப்ரீம் கோர்ட் நீதிபதி வில்லியம் டக்ளஸ் எழுதினவங்களையே என்கூட நடந்து பாத்துட்டுச் சொல்லுங்கன்னு கூப்பிட்டிருக்கார். 1954 மார்ச்ல கம்பர்லாண்ட்லேர்ந்து கிளம்பி எட்டு நாள், முழுசா முடிச்சது ஒன்பது பேர். ரோடு வரல, 1971ல இது தேசியப் பூங்காவாச்சு. ஒரு கூட்டம் சேர்ந்து நடந்ததாலதான் நேத்து எங்களுக்கு நடக்க இடம் இருந்துச்சுன்னு நெனச்சப்ப மனசு நெறஞ்சு போச்சு.

நீர் அகலமா விரியற இடம் ஒண்ணு வரும், வைட்வாட்டர்னு பேரு, அங்க உக்காந்து தயிர்சாதம் சாப்பிட்டோம். வழில குப்பைத்தொட்டி கிடையாது, டப்பாவும் கவரும் நம்மளே திருப்பிக் கொண்டு வரணும், எனக்கு அது ரொம்பப் புடிச்சுது. மரக்கட்டை மேல ஆமைங்க வரிசையா வெயில் காஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

முட்டி ராத்திரி கொஞ்சம் கனமா இருந்துச்சு, வெந்நீர் ஒத்தடம் குடுத்ததும் சரியாயிடுச்சு, நீ கவலப்படாத.

அன்னிக்கு நீ கூப்பிட்டப்ப வந்திருக்கணும்டி, அது மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. அக்டோபர்ல வரேன்னு சொன்னியே, ஒரு நாள் எனக்குன்னு ஒதுக்கி வை. பாபா (Paw Paw) டனல்னு ஒரு சுரங்கம் இருக்கு, அதே கால்வாய்தான், மலையக் குடைஞ்சு 3,118 அடி, கட்ட 14 வருஷம் ஆச்சாம், உள்ள கும்மிருட்டு, கழுதைங்க போன பாதைலயே கைப்பிடி புடிச்சுக்கிட்டு நடக்கலாமாம். டார்ச் ரெண்டு வாங்கி வெச்சுட்டேன். நீ ஷூ மட்டும் நல்லதா கொண்டு வா.

அம்மா