அஸ்ஸாமிய ‘ஸொகு’ குறித்து அகராதிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

இந்திய மொழிச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தொகுத்துவரும் அகராதிக் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் தொகுதியில் ‘கண்’ என்னும் தலைச்சொல்லின் கீழ் அஸ்ஸாமியத்துக்கு நேராகச் ‘சக்ஷு’ என்று அச்சிட்டு, ‘வடசொல்’ என்ற ஒற்றைக் குறிப்போடு விட்டிருக்கிறீர்கள். அது அச்சொல்லின் மூலம். பிரம்மபுத்திரா கரையில் ஒருவர் தம் கண்ணைச் சுட்டிச் சொல்லும் சொல் ‘ஸொகு’. அடுத்த பதிப்பில் இதைத் திருத்த வேண்டும் என்று கேட்டே இம்மடலை எழுதுகிறேன்.

சமஸ்கிருதத்தின் ‘சக்ஷுஸ்’ பாலியிலும் பாகதத்திலும் (பிராகிருதம்) ‘சக்கு’ (இரண்டாவது ககரம் மூச்சொலி கலந்தது) என்றாகி, அங்கிருந்து கிழக்கு மொழிகளுக்கு வந்தது. அஸ்ஸாமியத்தில் சகர வரிசையின் முதலிரு எழுத்துகளும் ஸகரமாகவே ஒலிக்கும். எழுத்துமுறையோ, 1900இல் வெளிவந்த ஹேமசந்திர பருவாவின் ‘ஹேமகோஷ்’ அகராதி நிலைப்படுத்திய வழியில், சமஸ்கிருத மூலத்தையே தழுவி நிற்கிறது; எழுத்தை மட்டும் பார்த்துப் பெயர்த்தால் ஒலி தவறிவிடும். கையைக் குறிக்கும் ‘ஹஸ்த’ என்பது ‘ஹத்த’ ஆகி, இரட்டித்த மெய் ஒற்றையானபோது முன்னுயிர் நீண்டு ‘ஹாத்’ ஆயிற்று. இவ்வழக்கமான போக்கு ‘ஸொகு’வில் இல்லை: உயிர் நீளவில்லை, வங்காளியின் ‘சோக்’கில் எஞ்சியுள்ள மூச்சொலியும் இங்கே மறைந்துவிட்டது. ஒடியாவின் ‘ஆகி’, இந்தியின் ‘ஆங்க்’ ஆகியன ‘அக்ஷி’ என்னும் வேறொரு சொல்லிலிருந்து வந்தவை. இந்தக் கிளைப்பிரிவை ‘வடசொல்’ என்ற குறிப்பு அறவே மறைத்துவிடுகிறது.

தமிழ் எழுத்தில் எப்படி எழுதுவது என்பதில் ஒரு சிக்கல் உண்டு. ‘ஸொகு’ என்றால் நம் வாசகர் இடைக் ககரத்தை மெலித்துப் படிப்பார். ‘ஸொக்கு’ என்றால் அம்மொழி இழந்துவிட்ட இரட்டிப்பை நாமே திருப்பிக் கொடுத்தவர்கள் ஆவோம். முன்னதை எழுதி, ‘கு வல்லொலி’ என்று குறிப்பதே மேல் என்பது என் கருத்து.

இலக்கணத்தைப் பொறுத்தவரை, வேற்றுமை உருபுகளில் இடர் இல்லை: ‘ஸொகுர்’ கண்ணின், ‘ஸொகுத்’ கண்ணில், ‘ஸொகுரே’ கண்ணால். ஆனால் பொருளின் வடிவுக்கேற்பப் பெயரோடு ஒட்டும் வகைச்சொல்லைக் கட்டாயம் தர வேண்டும். கண்ணுக்கு ‘டோ’ சேர்ந்து ‘ஸொகுடோ’ என்று வரும். கைக்கோ, தட்டையான பொருள்களுக்கு வரும் ‘கொன்’ சேர்ந்து ‘ஹாத்கொன்’ என்றாகும். ஒரு மயிரிழைக்கு, நீண்டு மெலிந்தவற்றுக்குரிய ‘டால்’. தமிழில் இத்தகைய ஒட்டு இல்லாததால், அகராதி சொல்லாவிட்டால் கற்பவருக்கு ஊகிக்கவும் வழியில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அஸ்ஸாமிய உறவுப்பெயர்கள் உரியவரின் இடத்துக்கேற்ப (தன்மை, முன்னிலை, படர்க்கை) ஈறு மாறுபவை: என் தந்தை ‘தேவுதா’, உம் தந்தை ‘தேவுதாரா’, அவன் தந்தை ‘தேவுதாக்’. எந்தை, நுந்தை, தந்தை என்று பழந்தமிழில் கற்ற நமக்கு இது புதிதன்று. உடலுறுப்பும் ஒருவரிடமிருந்து பிரிக்க முடியாததுதானே என்று எண்ணி இவ்விதியை அதற்கும் நீட்டிவிடக் கூடாது. என் கண்ணும் அவன் கண்ணும் ‘ஸொகு’வே. உங்கள் முன்னுரையில் ‘உறவும் உறுப்பும் ஒரே வகை’ என்று எழுதியிருப்பது அஸ்ஸாமியத்துக்குப் பொருந்தாது. இம்மொழியின் ஒலி, உருபு வரலாற்றுக்குப் மொழியியலாளர் பாணிகாந்த காகதி 1941இல் வெளியிட்ட ஆங்கில ஆய்வு இருக்கையில், அதைப் பாராமல் பொதுவிதி வகுக்க வேண்டியதில்லை.

மரபுத்தொடர்களுள் ஒன்றையாவது சேருங்கள். ‘ஸொகுத் பொரா’ என்பதன் நேர்ப்பொருள் கண்ணில் விழுதல். கருத்து, நாம் சொல்லும் ‘கண்ணில் படுதல்’. ‘படு’ என்பதற்கும் விழுதல் என்ற பழம்பொருள் உண்டு என்பதால், இதற்கு விளக்கம் எழுதும் வேலைகூட உங்களுக்கு இல்லை.

இப்படிக்கு,
உங்கள் தொகுதியைத் தொடர்ந்து பயன்படுத்திவரும் மொழிபெயர்ப்பாளர் ஒருவர்