அந்தச் 'சிவப்பு அப்பளம்' பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களே, வணக்கம்.

பினாங்கு லிட்டில் இந்தியாவில் மூக்குக் கண்ணாடி விற்கும் எங்களை உங்களுக்குத் தெரியும். வாரக் கடைசியில் பாடாங் கோத்தாவில் தொலைநோக்கியை நிறுத்திச் சூரியனைக் காட்டுவதும் தெரியும். புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) சுற்றும் குரல்பதிவையும் கேட்டிருப்பீர்கள்: "சூரிய வெடிப்பு காட்டுறோம்னு பத்து வெள்ளி வாங்கிக்கிட்டு, சிவப்பு அப்பளத்தைக் காட்டி அனுப்பிட்டாங்க."

பலகையில் 'சூரிய வெடிப்பைக் காண வாரீர்' என்று எழுதி வைத்தது எங்கள் தப்புதான். அழித்துவிட்டோம். ஆனால் தொலைநோக்கியின் கண்ணாடிக்குச் சாயம் பூசி ஏமாற்றுகிறோம் என்றதுதான் மனசுக்கு ஆறவில்லை. அதிலுள்ள வடிகட்டி, ஹைட்ரஜன் வெளியிடும் 656.3 நானோமீட்டர் அலைநீள ஒளியை மட்டும் உள்ளே விட்டு மற்றதைத் தடுத்துவிடும். அந்த ஒளியே சிவப்பு. அதற்கு நாங்கள் என்ன செய்ய?

வெடிப்பு நேரம் சொல்லிவிட்டு வருவதில்லை. சூரியன் முழுக்கப் பிளாஸ்மா, அதாவது மின்னூட்டம் கொண்ட வாயு. காந்தப்புலம் இழுத்த இழுப்புக்குப் போகும். கரும்புள்ளிகளுக்கு மேலே காந்தக் கோடுகள் முறுக்கேறி, அறுந்து, வேறு விதமாக ஒட்டிக்கொள்ளும்போது தேங்கிய ஆற்றல் வெடித்துக் கிளம்பும். சில நிமிடங்களில் அடங்கியும் விடலாம். 1859 செப்டம்பர் 1-ஆம் தேதி முதன்முதலில் இதைக் கண்ட ஆங்கிலேய வானியலாளர் ரிச்சர்ட் கேரிங்டனே, சாட்சிக்கு ஆள் கூப்பிட ஓடி ஒரு நிமிடத்துக்குள் திரும்பினார். அதற்குள் ஒளி மங்கிவிட்டது. அவருக்கே அந்தக் கதி என்றால், வரிசையில் நின்று அரை நிமிடம் பார்க்கிற நமக்கு?

அன்று ஒன்றுமே இல்லை என்பதும் சரியில்லை. இடது ஓரத்தில் மயிரிழை போல ஒரு வளைவு நின்றது, நானே பார்த்தேன். வட்டத்தின் குறுக்களவில் முப்பதில் ஒரு பங்கு உயரம் இருக்கும். சூரியனின் குறுக்கே 109 பூமிகளை வைக்கலாம் என்பதால், அந்த மயிரிழைக்குள் மூன்று பூமிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். இந்த வளைவைத் தீக்கொழுந்து என்கிறோம், ஆனால் அங்கே எதுவும் எரிவதில்லை. காந்தப்புலம் தாங்கிப் பிடித்திருக்கும் பிளாஸ்மா அது. நாள்கணக்கில்கூட அப்படியே தொங்கும். ஓரத்தைப் பாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அன்று கூட்டம் அதிகம், சொல்ல விட்டுப்போச்சு.

பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி ஏறி வந்து, மேகம் விலகும்வரை எங்களோடு நின்று, எங்களுக்கும் சேர்த்துத் தே தாரேக் வாங்கி வருகிறவர்களே, உங்களை மறக்க மாட்டோம். அந்தப் பதிவுக்குக் கீழே எங்களுக்காகப் பேசிய பிள்ளைகளுக்கும் நன்றி.

உதவிக்கு இருந்த தம்பி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டதால் இனி ஞாயிறு மட்டும். அடுத்த மாதம் முதல் 15 வெள்ளி.

காலை 9 மணிக்கு அங்கே இருப்போம். குரல்பதிவு அனுப்பிய அக்கா வந்தால் காசு வேண்டாம். இந்த முறை ஓரத்தைக் காட்டித் தருகிறோம்.

இப்படிக்கு,
கடைக்காரர்