பதினைந்தாயிரம் கிலோமீட்டர்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் பிறந்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். எனக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. உன் பொடி எழுத்தும் இப்போது பளிச்சென்று தெரிகிறது.

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் எவ்வளவு தூரம், ஒரே விமானத்தில் போய்விடலாமா என்று கேட்டிருக்கிறாய். சுவர் வரைபடத்தில் பசிபிக் கடலின் குறுக்கே நீ போட்ட கோட்டை மறந்துவிடு. சாங்கி விமான நிலையம் கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையில் இருக்கிறது, நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி நிலையம் மேற்கு 74-இல். கூட்டினால் 178; 180 என்றால் நேர் எதிர். அதாவது இரண்டும் பூமியின் கிட்டத்தட்ட எதிரெதிர்ப் பக்கங்கள். அதனால் மிகக் குறுகிய வழி வட துருவத்தை ஒட்டியே போகிறது. உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார், புரியும். சாங்கியிலிருந்து துருவம் 88.6 பாகை, அங்கிருந்து நியூயார்க் 49.4. மொத்தம் 138. பாகைக்கு 111.2 கிலோமீட்டர் என்று பெருக்கினால் ஏறக்குறைய 15,345 கிலோமீட்டர். காகிதத்திலேயே போட்டுவிடலாம், இதில் எனக்கு இன்றும் தீராத வியப்பு!

ஆனால் விமானம் அந்த வழியிலேயே போவதில்லை. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் போவது சாதாரணம். அது பின்னாலிருந்து தள்ளுமானால், ஆயிரம் கிலோமீட்டர் சுற்றினாலும் லாபம்தான். 2020 பிப்ரவரியில் ஒரு புயலின்போது நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு விமானம் 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. வழக்கமாக ஆறரை, ஏழு மணி நேரம் ஆகும். ஆகவே நீ போகும்போது பெரும்பாலும் பசிபிக் பக்கம். திரும்பும்போது அட்லாண்டிக், ஐரோப்பா வழி. இரண்டு முறையும் கிழக்கு நோக்கித்தான். அப்படி அமைந்தால், பேரனைப் பார்த்துவிட்டு வரும் நீ உலகத்தை ஒரு முழுச் சுற்று சுற்றியிருப்பாய்.

ஒரே விமானத்தில் போய்விடலாம். பயணம் பதினெட்டரை மணி நேரத்துக்குச் சற்று முன்பின். டிக்கெட்டில் இரவு 11.30-க்குப் புறப்பட்டு மறுநாள் காலை 6-க்குச் சேர்வதாகப் போட்டிருந்தால் ஆறரை மணி நேரம் என்று எண்ணிவிடாதே. இரண்டும் அந்தந்த ஊர் நேரம். கோடையில் 12 மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் 13.

இனி என் அபிப்பிராயம். நேரடி விமானத்தில் சாதாரண வகுப்பே கிடையாது. இருப்பது பிஸினஸும் பிரீமியம் எகானமியும் மட்டும். செலவு கூடும்தான். ஆனாலும் உன் முழங்காலுக்கு, நடுவில் இன்னொரு விமான நிலையத்தில் மூட்டை முடிச்சோடு அலைவதைவிட இதுவே மேல். நடைபாதை ஓர இருக்கை கேட்டு வாங்கு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நட, தண்ணீர் நிறையக் குடி. புறப்படுமுன் உன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு, கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைவதை இந்த வயதில் நாம் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தேதி முடிவானதும் எழுது. பேரனுக்கு என்ன பெயர் என்று நீ சொல்லவே இல்லையே?

என்றும் அன்புடன்,
உன் பழைய நண்பன்