இடப்பள்ளி ஆலயம் பார்க்கிங் இடமல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவையிலிருந்து கொச்சிக்கு ஒரே நாளில் காரில் போய் வருவது பற்றித் தங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கொச்சி இடப்பள்ளியிலுள்ள புனித ஜார்ஜியார் ஆலயத்துக்கு அதில் மூன்றே வரி. புதுக் கட்டடம்தான், கால் மணி நேரம் போதும் என்று முதல் இரண்டு வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். வண்டியை ஆலய வளாகத்திலேயே விட்டுவிட்டு லுலு மாலுக்கு நடந்து போனால் பார்க்கிங் காசு மிச்சம் என்கிறது மூன்றாவது வரி. அச்சுக்குப் போகும் முன் இதைப் படித்த ஒருவருக்குக்கூடவா உறுத்தவில்லை?

நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரன். எங்களுடையது கடலை போடும் குடும்பம். கடலைக்காட்டில் பாம்புப் பயம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் தம்பியைச் சிறுவயதில் கட்டுவிரியன் தீண்டியது. ஆஸ்பத்திரியில் ஊசி மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது, பிள்ளை பிழைத்தால் இடப்பள்ளிப் புண்ணியாளருக்கு, அதாவது புனித ஜார்ஜியாருக்கு, கோழி தருகிறேன் என்று அம்மா வேண்டிக்கொண்டார். பாம்புக்கடிக்கு அவரை நேர்வது எங்கள் பக்கத்து வழக்கம். தம்பி பிழைத்தான். அம்மாவின் நேர்ச்சை இன்றுவரை நிற்கவில்லை.

போன மே மாதத் திருவிழாவிலும் சேவல் கொண்டு போனோம். கால்களைப் பழைய சேலைக்கிழிசலால் கட்டி, ஒயர் கூடையில் தலை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி வைத்திருந்தார் அம்மா. அவருக்கு முட்டிவலி. படியோரம் கொஞ்ச நேரம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அங்கே ஒரு குடும்பம் வரிசையாக நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தது. “பாட்டி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கோழி போட்டோவுல விழுது” என்றார் ஒரு பெண். நல்ல கோயம்புத்தூர்த் தமிழ். அம்மா ஒன்றும் சொல்லாமல் கூடையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் போய் நின்றார். ஒரு படம் அல்ல, பத்துப் பதினைந்து எடுத்தார்கள். எடுத்து முடித்ததும் ஆலயத்துக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் மாலுக்கு வழி கேட்டுப் புறப்பட்டார்கள். “அவங்க நம்ம ஆளுங்கதானே?” என்று பஸ்ஸில் அம்மா கேட்டார். உங்கள் மூன்றாவது வரியைப் படித்ததும் எனக்கு அந்தக் கேள்விதான் ஞாபகம் வந்தது.

கட்டடம் புதியது என்பது உண்மை. 2015-இல் அர்ச்சிக்கப்பட்டது. அதன் பிரம்மாண்டம் எனக்கும் முழுதாகப் பிடித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இடத்தில் ஆறாம் நூற்றாண்டிலிருந்தே வழிபாடு நடப்பதாக மரபு. ஆலயக் கிணற்றடியில் பாட்டிலில் தண்ணீர் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருகிறவர்களிடம் கட்டடம் எந்த வருடத்தது என்று யாராவது கேட்பார்களா? எங்கள் ஊர்களிலும் கூட்டம் கொள்ளாமல் பழைய ஓட்டு மாதா கோவிலை இடித்துப் பெரிதாகக் கட்டுகிறார்கள். தேங்காய் வெட்டிய கூலியும் கடலை விற்ற காசும் சேர்ந்துதான் அந்தச் சுவர்கள் எழும்புகின்றன. பழநிக்கோ வேளாங்கண்ணிக்கோ கால் மணி நேரம் போதும், வண்டியை விட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள் என்று தாங்கள் எழுதுவீர்களா? எழுத மாட்டீர்கள். எல்லையைத் தாண்டியதும் மட்டும் ஏன் கை தாராளமாகிவிடுகிறது?

பாலக்காடு–திருச்சூர் சாலையில் குதிரான் மலையில் 2021-இல் ஒரு சுரங்கப்பாதையும் அடுத்த வருடம் இன்னொன்றும் திறந்தார்கள். அதற்கு முன் அந்த ஏற்றத்தில் ஒரு லாரி மக்கர் பண்ணினால் அன்றைய பொழுது அங்கேயே போச்சு. இப்போது காலையில் கோவையில் டிபன் சாப்பிட்டுக் கிளம்புகிறவர்கள் மதியத்துக்குள் இடப்பள்ளி வந்துவிடுகிறார்கள். வரட்டும், நல்லதுதான். வருகிறவர்களுக்கு வழி சொல்லும் பொறுப்பைத் தாங்கள் எடுத்துக்கொண்டீர்கள். அதனால்தான் இவ்வளவு வருத்தம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1956 நவம்பர் 1 வரை பாலக்காட்டின் பெரும்பகுதி சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில்தான் இருந்தது. கோடு மாறியது, எங்கள் வீட்டுப் பேச்சு மாறவில்லை. தமிழில் பூசை நடக்கிற கத்தோலிக்கக் கோவில்கள் இங்கே உண்டு. எங்கள் பாலக்காட்டுப் பகுதிக்கென்று சுல்தான்பேட்டை மறைமாவட்டம் 2013-இல் உருவானபோது எங்கள் தெருக்களில் எவ்வளவு சந்தோஷம்! தங்கள் இதழில் அதைப் பற்றி ஒரு துணுக்குக்கூட நான் பார்க்கவில்லை. கேரளத்தில் தமிழ்வழியில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதும் பிள்ளைகளைப் பற்றி ஒரு கடிதம் அனுப்பினேன், வரவில்லை. மலையாளத்தைக் கட்டாயப் பாடமாக்கும் சட்டம் 2017-இல் வந்தபோது எங்கள் பள்ளிகள் என்னாகும் என்று கேட்டு இன்னொன்று அனுப்பினேன், அதுவும் வரவில்லை. எல்லையில் வாளையாறு தாண்டினால் படகு வீடும் மீன் வறுவலும் இருப்பது தங்கள் பக்கங்களில் தெரிகிறது. நாங்கள் இருப்பது தெரியவில்லை. எப்போதோ ஒரு முறை எங்கள் புண்ணியாளர் வருகிறார், அதுவும் இலவச பார்க்கிங்காக.

கட்டுரைக்கு மேலே போட்டிருக்கும் படமும் இடப்பள்ளி ஆலயம் அல்ல. அது கோட்டைக் கொச்சியிலுள்ள சாந்தா குரூஸ் பேராலயம். பெரிய இதழ், படம் பார்த்துச் சரிசெய்ய ஆள் இல்லாமலா இருக்கும்?

என் வேண்டுகோள் சின்னதுதான். அடுத்த இதழில் படத்துக்கு ஒரு திருத்தமும், வண்டியை அங்கே விட்டுவிட்டுப் போகச் சொன்ன வரிக்கு ஒரு வருத்தமும் வெளியிடுங்கள். திருவிழா ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே வரை நடக்கும், அந்த நாட்களில் நெரிசல் கடுமையாக இருக்கும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். கோவைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ஆலுவாவில் ரயிலிறங்கி மெட்ரோ பிடித்தால் இடப்பள்ளியிலேயே இறங்கலாம். அப்புறம், குர்பானா (பூசை) நடக்கும்போது உள்ளே படம் எடுக்க வேண்டாம் என்றும் எழுதுங்கள். ஒரு பெட்டிச் செய்தி அளவு இடம் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.