திருப்பணி நிறைவு அறிக்கை: ஒப்பந்தத்துக்கு விட்டதும் கோயிலே செய்ததும்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பாலாலயத்தோடு (திருப்பணி முடியும்வரை இறைவனை எழுந்தருளச் செய்யும் தற்காலிகச் சன்னிதி) தொடங்கிய நம் கோயில் திருப்பணி, குடமுழுக்கோடு நல்லபடியாக நிறைவடைந்தது. வரவு செலவுக் கணக்கு தணிக்கைக் குறிப்போடு தனித்தாளில் வருகிறது. எந்த வேலையை யாரிடம் கொடுத்தோம், ஏன் கொடுத்தோம் என்று கூட்டங்களில் பலரும் கேட்டதால், அதை இங்கே விளக்குகிறோம்.

நம் கோயில் இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் உள்ளது. மதிப்பீட்டைச் சரிபார்த்தது துறைப் பொறியாளர். சாரம் கட்டுதல், மின் இணைப்பு, கோபுர வண்ணம், மதில் பழுது ஆகியவற்றை டெண்டர் மூலம் ஒப்பந்ததாரர்களிடம் விட்டோம். ஆளும் கருவியும் அவர்களிடம் இருந்தன, வேலையும் வேகமாக முடிந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மேல்தளம்தான் பெரிய விவாதமானது. பழைய சிமெண்ட் பூச்சை எடுத்துவிட்டு, சுண்ணாம்புக் காரை போட்டுத் தட்டோடு (தட்டையான ஓடு) பதிக்க வேண்டும். சிமெண்ட் ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். சுண்ணாம்பு அதை வெளியே விடும். ஆனால் சுண்ணாம்பு ஊற வேண்டும், கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் பதமாக வேண்டும். சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் போட்டால், அந்தக் காத்திருப்புக்குப் பில்லில் இடமே கிடையாது. காத்திருக்கிற ஒவ்வொரு நாளும் ஒப்பந்ததாரருக்கு நஷ்டம்தான். அதனால் அந்த வேலையை உபயதாரர் நிதியில், தினக்கூலிக்கு ஆள் வைத்து, ஸ்தபதியின் மேற்பார்வையில் நாமே செய்தோம். கோயில் பணியாளர்கள் இருவரைத் தொடக்கத்திலிருந்தே அவரோடு நிறுத்தினோம். செலவு சற்றுக் கூடுதல்தான். ஆனால் நாளைக்கு எங்காவது ஒழுகினால், என்ன கலவை, எந்தப் பக்கம் நீர் ஓடும் வாட்டம் என்று சொல்ல கோயிலிலேயே ஆள் இருக்கிறார்கள்.

கல் தூண்களை மணல் வீச்சில் சுத்தம் செய்யலாம் என்று வந்த யோசனையை ஏற்கவில்லை. அது கல்லின் மேல்தோலையும் கல்வெட்டு எழுத்தையும் சேர்த்தே அரித்துவிடும். தண்ணீரும் நார்த் தூரிகையும் போதுமானதாக இருந்தன.

திருவரங்கம் கோயில் 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது பெற்றதை அறிவீர்கள். அங்கே பழைய மழைநீர் வடிகால்களை மீட்டெடுத்தது பெரிதாகப் பாராட்டப்பட்டது. நாமும் பிராகார வடிகாலைத் தோண்டித் திறந்தோம். அதற்கும் நம் ஆட்களே.

ஒன்றை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறோம். வேலையை வெளியே கொடுக்கலாம். அளந்து பார்க்கும் கண்ணை வெளியே கொடுக்கக் கூடாது. ஒப்பந்ததாரரே அளந்து, அவரே எழுதி, அலுவலகம் கையெழுத்து மட்டும் போடும் நிலை எந்தத் துறைக்கும் நல்லதல்ல. இங்கே, முடிந்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கமும் துறைப் பொறியாளரும் குழு உறுப்பினர் ஒருவரும் நேரில் நின்று பார்த்த பிறகே எழுதப்பட்டது. அந்தக் கண் கோயிலிலேயே இருக்கப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும். மாமல்லபுரத்தில் 1957-லேயே சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கிய அரசு இது. அப்படிப் பயின்றவர்களுக்குக் கோயில்களில் நிரந்தரப் பணியிடம் வேண்டும் என்று துறைக்கு மனு கொடுத்திருக்கிறோம்.

அளவுப் புத்தகத்தின் நகலும் கலவைக் குறிப்பும் கோயில் அலுவலகத்தில் உள்ளன. உறுப்பினர்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். அப்புறம், ஐப்பசி மழைக்கு முன் வடிகால் தூர்வார வேண்டும். வர முடிந்தவர்கள் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்