ஆறிய பிறகு எடுத்த படம் எங்கே?

மலர்விழிக்கு,

அப்பா எழுதுவது. நீ குத்திய டாட்டூ என்று அனுப்பிய பதினொரு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். பதினொன்றும் குத்திய சூட்டோடு எடுத்தவை. தோல் சிவந்து, வாஸ்லின் பளபளக்க, கறுப்பு கன்னங்கரேலென்று நிற்கும் அந்த அரை மணி நேரம் யார் குத்தியதும் அழகாகத்தான் தெரியும். ஆறு வாரம் கழித்து எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. பக்கத்திலேயே அப்பனை வைத்துக்கொண்டு யூடியூபிடம் கேட்டுக் கற்றுக்கொண்டாய், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் தானாகக் கற்றுக்கொள்பவருக்குப் பின்னால் நின்று மணிக்கட்டைத் தட்ட ஆள் கிடையாது. ஆறிய தோல்தான் அந்த வேலையைச் செய்யும். கடை வைக்கக் கோவையில் பார்த்திருக்கும் அந்த அறைக்கு அட்வான்ஸ் கொடுக்குமுன் பதினொரு பேரையும் கூப்பிட்டு, பகல் வெளிச்சத்தில் பார்.

முதலில் கோட்டின் ஓரத்தைப் பார். ஓரத்தில் நீலமாக மை கசிந்திருந்தால் ஊசி தோலைத் தாண்டிக் கீழே போயிருக்கிறது. மணிக்கட்டின் உட்புறம், விலா, கணுக்கால் போன்ற மெல்லிய இடங்களில் இது சட்டென்று நடந்துவிடும். நடந்தபின் எளிதில் திருத்த முடியாது. கோடு விட்டுவிட்டு மறைந்திருந்தால் மேல்தோலோடு நின்றுவிட்டாய், அது உரிந்து போய்விட்டது. மை நிற்க வேண்டிய இடம் மேல்தோலுக்குக் கீழே, ஏறக்குறைய 1 முதல் 2 மி.மீ. ஆழத்தில். கோடு தடவினால் கயிறு மாதிரி மேடாக இருந்தால், ஒரே இடத்தில் மூன்று நான்கு முறை ஓட்டியிருக்கிறாய் என்று பொருள். உன் நான்காவது படத்தில் ஒவ்வொரு கோடும் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் ஒரு கரும்பொட்டு தெரிகிறது. கை நின்றபிறகு ஊசியை எடுக்கிறாய். கை ஓடிக்கொண்டிருக்கும்போதே இறக்கு, ஓடிக்கொண்டிருக்கும்போதே எடு.

கை நடுக்கத்துக்கு மெஷினின் வோல்ட்டைக் கூட்டுவது மருந்தல்ல. கை மெதுவாக, ஊசி வேகமாக ஓடினால் தோல் கிழிபடும். தோலை இழுத்துப் பிடிப்பதில்தான் பாதி வேலை: இடது கையின் இரண்டு விரல் இரு பக்கம் இழுக்க, மெஷின் பிடித்த கையின் அடிப்பகுதி மூன்றாவது பக்கம் இழுக்க வேண்டும். பழகுவதற்கென்று விற்கும் சிலிக்கோன் போலித்தோலில் பழகியவர்களுக்கு இது வராது, ஏனென்றால் அது தானாகவே விறைப்பாக இருக்கும். ரத்தம் வராது, வீங்காது, ஸ்டென்சிலும் (தோலில் பதிக்கும் வரைபட அச்சு) அழியாது. கறிக்கடையில் கொழுப்போடு பன்றித்தோல் வாங்கி, சுருட்டிய துண்டின்மேல் கட்டிக் குத்திப் பழகு. அந்த வளைவுதான் முன்கை.

ஸ்டென்சிலை ஒட்டியபின் பத்துப் பதினைந்து நிமிடம் காயவிடு. வலது கைக்காரி நீ, வடிவத்தின் கீழ் வலது மூலையிலிருந்து மேலே போ. துடைக்கும்போது இன்னும் குத்தாத பகுதி அழியாது.

ஊசி விஷயத்தில், 3 ஆர்.எல். (மூன்று ஊசி வட்டமாகச் சேர்ந்த, கோடு போடும் ஊசி) மட்டுமே பெட்டி பெட்டியாக வாங்கி வைத்திருக்கிறாய். இன்ஸ்டாகிராம் மெல்லிய கோட்டைக் கேட்கிறது, சரி. பெட்டியில் இருக்கும் 12 என்ற எண் 0.35 மி.மீ. தடிமனையும், 10 என்பது 0.30-யையும், 08 என்பது 0.25-யையும் குறிக்கும். நம் நிறத் தோலில் கோடு கொஞ்சம் தடிமனாக, நடுவில் தோலுக்கு இடம் விட்டு வரைந்தால்தான் பத்து வருடம் கழித்தும் படிக்க முடியும். வெள்ளையும் மஞ்சளும் நம் தோலின் நிறத்துக்குக் கீழேதான் நிற்கும், மேலே அல்ல. வாடிக்கையாளர் காட்டும் வெளிநாட்டுப் படத்தை அப்படியே ஒப்புக்கொள்ளாதே.

தமிழ் எழுத்தில் கூடுதல் கவனம் வை. ண, ஞ, ஐ, ஜ இவற்றின் சுழிகள் வருடம் போகப்போக மை பரவி அடைபட்டுவிடும். ஒரு எழுத்து 12 மி.மீ.க்குக் குறைவாக வேண்டாம் என்பது என் கணக்கு. பழைய மென்பொருளில் தட்டச்சு செய்தால் கொ, கோ போன்றவற்றில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். அதை அப்படியே ஸ்டென்சில் எடுத்துக் குத்தியவர்கள் உண்டு. வாடிக்கையாளரைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல், அதை வெளியாள் ஒருவரிடம் உரக்கப் படிக்கக் கொடு. பார்த்துப் பார்த்துப் பழகிய கண் பிழையைப் பார்க்காது.

இனி சுத்தம். இங்கேதான் தானாகக் கற்றவர்கள் கோட்டை விடுகிறார்கள், ஏனென்றால் வீடியோவில் வெட்டப்படுவது இந்தப் பகுதிதான். குங்குமத்தைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துக் கையுறையில் பூசிக்கொண்டு, பன்றித்தோலில் ஒரு மணி நேரம் வழக்கம்போல வேலை செய். முடித்ததும் எங்கெல்லாம் சிவப்பு ஒட்டியிருக்கிறது என்று பார். போன், விளக்கின் சுவிட்ச், ஸ்ப்ரே பாட்டிலின் கழுத்து, நாற்காலி நெம்புகோல், உன் மூக்குக்கண்ணாடி. அந்த இடங்களெல்லாம் நாளை ரத்தம். மெஷினுக்கும் வயருக்கும் பாட்டிலுக்கும் உறை போடு, ஒவ்வொருவருக்கும் மாற்று. போன் எடுக்க வேண்டுமென்றால் கையுறையைக் கழற்று, பேசி முடித்துக் கை கழுவிப் புதியது போடு. ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த ரத்தத்திலும் குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். நீ தடுப்பூசி போட்டுக்கொண்டாயா? 0, 1, 6 மாதம் என்று மூன்று ஊசி. மூன்றாவதற்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ஆன்டிபாடி அளவைச் சோதித்துப் பார், 10 mIU/mL-க்கு மேல் இருக்க வேண்டும். ரத்தம் சிந்தினால் முதலில் துடைத்து எடு, பிறகு ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், பத்து நிமிடம். அன்றன்று கலக்கு.

கார்ட்ரிட்ஜும் (ஊசி அடைத்த குப்பி) கிரிப்பும் (மெஷினின் பிடி) ஒருமுறை பயன்படுத்திப் போடுபவை என்றால் உனக்கு ஆட்டோக்ளேவே (நீராவி அழுத்தத்தில் கிருமியைக் கொல்லும் பாத்திரம்) தேவையில்லை. ஸ்டீல் கிரிப்பும் மூக்கு, காது குத்தும் இடுக்கியும் வைத்திருக்கிறாய், ஆகவே தேவை. பையில் போட்ட பொருளுக்கு 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம், 30 நிமிடம். பையின் நிறம் மாறியது சூடு பட்டதற்கு அடையாளம், கிருமி செத்ததற்கு அல்ல. அதற்கு ஸ்போர் டெஸ்ட் உண்டு (எளிதில் சாகாத கிருமி வித்துகளை உள்ளே வைத்து, செத்தனவா என்று பார்ப்பது), மாதம் ஒருமுறையாவது செய்து தாளைக் கோப்பில் வை. குக்கரிலும் அதே அழுத்தம் வருமே என்பார்கள். உள்ளே காற்று முழுதும் வெளியேறியதா, எத்தனை நிமிடம் 121-ல் நின்றது என்று குக்கர் சொல்லாது. நீல விளக்கு எரியும் யூ.வி. (புற ஊதா) பெட்டி எதையும் ஸ்டெரிலைஸ் செய்யாது, அதாவது கிருமியை முழுதும் அழிக்காது. வாடிக்கையாளர் கண்ணுக்கு அது அலங்காரம்.

மை பற்றி ஒன்று. அந்தக் காலத்தில் குறவர் பெண்கள் மஞ்சளையும் அகத்தி இலையையும் அரைத்துத் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, சட்டியில் பிடித்த கரிதான் பச்சை. உன் கறுப்பு பாட்டிலில் இருப்பதும் அடிப்படையில் கரியே. வித்தியாசம் அதைக் கரைக்கும் தண்ணீரில். 2011-12-ல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் 19 பேருக்கு டாட்டூவில் தோல்தொற்று வந்தது. காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமி. அதற்குக் காரணமான சாம்பல் நிற மை, காய்ச்சி வடித்த தண்ணீரில் கலந்தது. காய்ச்சி வடித்தது வேறு, ஸ்டெரைல் (கிருமியே இல்லாதது) வேறு. ஷேடிங்குக்கு மையை நீர்க்கச் செய்யும்போது சீல் வைத்த ஸ்டெரைல் தண்ணீரையே உடை, மிச்சத்தைக் கொட்டிவிடு. அலர்ஜி அதிகம் வருவது சிவப்பில், அது மாதக்கணக்கில் கழித்தும் வரும்.

பயன்படுத்திய ஊசிக்கு 2016 மருத்துவக் கழிவு விதிப்படி வெள்ளை நிற, துளைக்க முடியாத டப்பா. ரத்தம் பட்ட டிஷ்யூவுக்கு மஞ்சள் பை. மருத்துவக் கழிவு எடுக்கும் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு ரசீது வாங்கி வை. மாநகராட்சிக் குப்பையில் போடாதே.

யாரை வேண்டாம் என்று அனுப்புவது? பதினெட்டு வயதாகாதவரை, அம்மா கூட வந்தாலும். குடித்துவிட்டு வந்தவரை. தழும்பு புடைத்து வளரும் உடம்புக்காரருக்கு நெஞ்சிலும் தோளிலும் குத்தாதே. ராணுவத்துக்குத் தயாராகும் பையனிடம் கேட்டுவிட்டுக் குத்து: முழங்கையின் உட்புறத்திலிருந்து மணிக்கட்டு வரையும் புறங்கையிலும் இருப்பதைத்தான் அனுமதிக்கிறார்கள். மத்திய ஆயுதப்படைகளில் முன்கையென்றால் இடது கைதான், அதுவும் அந்தப் பகுதியில் கால்பங்குக்குள். ரத்ததானம் செய்பவரிடம், ஒரு வருடம் கொடுக்க முடியாது என்று முதலிலேயே சொல்லிவிடு.

ஆறும் விதமும் உன் பொறுப்புதான். குத்திய இடத்தின்மேல் ஒட்டும் ஃபிலிம் நம் வெயிலில் வியர்வையில் பிய்ந்து ஓரத்தில் கசியும். கசிந்தால் உடனே கழற்றிக் கழுவச் சொல். மஞ்சள் பூச வேண்டாம், பொருக்கைப் பிய்க்க வேண்டாம், மூன்று வாரம் கடலும் குளமும் வேண்டாம். இதை அச்சடித்துக் கையில் கொடு, வாயால் சொன்னது வாசலோடு போய்விடும்.

விலையை மணிக்கணக்கில் போடும்போது ஊசி ஓடும் நேரத்தை மட்டும் கணக்கெடுக்காதே. மூன்று மணி நேர வேலைக்கு வரைவது, விரிப்பது, கழுவுவது சேர்த்து ஐந்து மணி ஆகும். ஒரு அமர்வுக்கு ஐந்து ஜோடி கையுறை, இரண்டு மூன்று கார்ட்ரிட்ஜ், உறைகள், கழிவுக் கட்டணம் என்று ஒரு நாள் தாளில் எழுதிப் பார், நீ இப்போது வாங்குகிற தொகையில் உனக்குக் கூலியே மிஞ்சாது. விரலுக்கும் உள்ளங்காலுக்கும் இலவச டச்-அப் (மங்கிய இடத்தில் மறுபடி குத்துவது) தருவதாக எழுதிக் கொடுத்துவிடாதே, அங்கே மை நிற்காது. அறையில் தண்ணீர்க் குழாயோடு தனி கை கழுவும் தொட்டி இல்லையென்றால் வாடகை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். மின் இணைப்பு வீட்டுக் கட்டணத்திலா வணிகக் கட்டணத்திலா என்று உரிமையாளரிடம் கேட்டு எழுதி வாங்கு. மாநகராட்சித் தொழில் உரிமம் எடு, சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். ஜி.எஸ்.டி. வருடம் 20 லட்சம் வரவு தாண்டும்வரை கட்டாயமில்லை. கடன் வேண்டுமென்றால் மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் முதல் படி 50,000 வரை. அதற்கு மேல் இப்போது வாங்காதே.

பல் மருத்துவரிடம் நீ வாங்கிய பழைய ஆட்டோக்ளேவின் கதவு ரப்பர் வெடித்திருக்கிறது என்று படத்திலேயே தெரிகிறது. அளவு பார்த்து இரண்டு வளையம் பார்சலில் வருகிறது. ஒன்றை மாட்டி, வெறும் பாத்திரமாக ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு ஸ்போர் டெஸ்ட் வை. அந்தத் தாளையும் ஆறிய பதினொரு படங்களையும் சேர்த்து அனுப்பு.

அப்பா